மோர் நின்றுபோன ஊர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் எனக்குப் பத்தாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சைக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது; சிக்கினவர்களை லேசில் விடமாட்டேன். அதனாலேயே, "எழுதிக் கொடுத்துடுங்க மேடம், பிள்ளைங்க படிச்சுக்கட்டும்" என்று நைசாகத் தப்பித்துக்கொண்டார்கள். சரி, படித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளை எடை போடுவது எப்படி, மகளிர் குழுவைக் கூட்டுவது எப்படி, யாருக்கு எந்தத் திட்டம் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிவிடுவார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. வகுப்பில் வராத ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தாராபுரத்தைத் தாண்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம், அந்த மனிதர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்போது நம் அலுவலகத்தில் இரண்டு பிரிவுகள். விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கூட்டுவது ஒன்று, குழந்தைகளின் சத்துக் குறைவைப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதற்குச் செல்வராஜ் பொறுப்பு, இரண்டாவதற்கு நான். கறவை மாடு, தீவனப்புல், பால் வண்டி என்று எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பார் என்பதால் அவரை நான் பால்காரர் என்பேன். பார்க்கிற இடத்திலெல்லாம் பருப்பு சாப்பிடச் சொல்வதால் நான் அவருக்குப் பருப்பு மேடம். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரே ஜீப். காலையில் கோவையில் ஏறினால் பல்லடத்தில் பேக்கரியில் டீயும் வர்க்கியும், திரும்பும்போதும் அப்படியே. அங்கிருந்து தாராபுரம் வரைக்கும் அரட்டை. காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் செல்வராஜ் பாட ஆரம்பித்துவிடுவார். சுருதி சுத்தமாகக் கிடையாது. இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது, பேக்கரி இருந்த இடத்தில் வேறென்னவோ இருக்கிறது. பேத்தியைப் பார்க்க அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டை ஜீப்பின் நினைப்பு வந்துவிடும். ஒரே வண்டியில் போனோமே தவிர, எந்த ஊரில் யார் என்ன செய்கிறோம் என்று நாங்கள் ஒருவரையொருவர் உருப்படியாகக் கேட்டுக்கொண்டதே இல்லை. அதைப் பின்னால் நினைத்து நினைத்து மாய்ந்துபோனோம்.

அந்த ஊரில் தோட்டக்காரர்கள் ஊருக்குள் இல்லாமல் அவரவர் தோட்டத்திலேயே சாளை என்று வீடு போட்டுக் குடியிருந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஊருக்கு மேற்கே காலனியில். செல்வராஜ் சாளைகளுக்கு நல்ல மாடுகள் வாங்க வழி செய்தார். அலைந்து திரிந்து, பிரதான சாலையில் போய்க்கொண்டிருந்த பால் வண்டியை ஊருக்குள் திருப்பினார். ஊருக்கென்று ஒரு பால் சங்கமும் வந்தது. தினமும் பால் விற்றது, கையில் காசு புரண்டது. ருக்குமணி அம்மாள் என்று ஒரு சாளைக்காரப் பெண்மணி, பால் காசிலேயே மகளைக் கோவையில் கல்லூரிக்கு அனுப்பினார். செல்வராஜை அந்த ஊரில் மாப்பிள்ளையைப் போலக் கவனிப்பார்கள். அவர் அதற்குத் தகுதியானவர்தான்.

அதே ஊரில் காலனி அங்கன்வாடி டீச்சர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், புள்ளைங்க எளைச்சுட்டே வருதுங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க" என்றார். நான் போய்ப் பார்த்தேன். போன முறை துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பூச்சி மருந்து கொடுத்தோம். தண்ணீரைச் சோதித்தோம். டாக்டரை அழைத்துவந்தோம். தலையைச் சொறிந்துகொண்டு நின்றதுதான் மிச்சம்.

காலனியில் ஞானமணி என்று ஒரு பெண். ருக்குமணி அம்மாளின் வெங்காயக் காட்டில் வேலை செய்பவள். அவளுடைய மகள் ஜெனிக்கு மூன்று வயது. பார்க்க அதைவிடச் சின்னவளாக இருப்பாள், எலும்பும் தோலுமாக. என்னைப் பார்த்தால் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தை, அந்த மாதம் ஓடிவரவில்லை. காலையில் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன்.

"வரக்காப்பியும் பன்னுந்தானுங்க."

"பால் கலக்காத காப்பியா? முன்னால என்ன குடுத்தே?"

"முன்னாலயெல்லாம் பழைய சோத்துல மோரு ஊத்திக் கரைச்சுக் குடுப்பனுங்க. களி கிண்டுனாலும் மோருதானுங்க. இப்ப எங்கீங்க மோரு?"

"ஏன், என்னாச்சு?"

"சாளையில பாலெல்லாம் வண்டிக்குப் போயிருதுங்களே. யாருங்க கடையறாங்க?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மேலும் கேட்கக் கேட்கத்தான் எனக்கு முழுதும் தெரிந்தது. வண்டி வருவதற்கு முன்னால், விற்க வழியில்லாத பாலைச் சாளைகளில் தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை மட்டும் வியாபாரிக்குப் போட்டிருக்கிறார்கள். மோரை யாரும் விற்பதில்லை. மோரைக் காசுக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் கேவலம். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா ஊற்றிவிடுவார்கள். காலனிப் பிள்ளைகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே பால் அதுதான். எந்தக் கணக்கிலும் வராததால், அது நின்றதும் யார் கண்ணிலும் படவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் செல்வராஜிடம், "உங்க வண்டி வந்துதான் மோர் நின்னுபோச்சு" என்றேன். அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "அந்த வண்டியால எத்தனை குடும்பம் தலை நிமிர்ந்திருக்குதுன்னு தெரியுமா? வண்டியை நிறுத்தச் சொல்றீங்களா?" என்று சீறினார். நானும் விடவில்லை. அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம், அதனால் சண்டை முடிகிற வழியாக இல்லை. அன்றைக்குப் பல்லடத்தில் ஜீப் நிற்கவில்லை.

அடுத்த முறை போனபோது ருக்குமணி அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட, ஆமாங்க! நெனைக்கவே இல்லீங்களே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

சில நாளில் திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் டெல்லியிலிருந்து பார்வையிட வந்தார்கள். ஓர் அம்மையார், ஓர் இளைஞர். இருவருக்கும் தமிழ் தெரியாது. பால் சங்கத்தின் முன்னால் பந்தல் போட்டு, ஊரே கூடியிருந்தது. காலனிப் பெண்கள் கடைசி வரிசையில். திட்டம் தொடருமா, தொடராதா என்பது அந்த ஒரு காலைப் பொழுதில் இருந்தது. மொழிபெயர்க்கும் வேலை எனக்கு.

எல்லோரும் பேசி முடித்த பிறகு ருக்குமணி அம்மாள் தானாகவே எழுந்து மைக்கைப் பிடித்தார். "நம்ம காலனிப் புள்ளைங்க மோரு இல்லாம எளைச்சுப் போச்சுன்னு மேடம் சொன்னாங்க. எனக்கு மனசே ஆகலீங்க. நாளையில இருந்து நான் ரெண்டு படிப் பாலை விக்காம கடையறேன். புள்ளைங்களை அனுப்புங்க, பழையபடி வந்து வாங்கிட்டுப் போகட்டும்" என்றார். பந்தலே கைதட்டியது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் டெல்லி அம்மையார் எழுந்து நின்று தட்டினார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இளைஞர் கேமராவை எடுத்து, மோர் வாங்கப்போகும் தாய் ஒருவரை முன்னால் கூப்பிடச் சொன்னார். நான் ஞானமணியைக் கூப்பிட்டேன்.

அவள் எழுந்தாள். முன்னால் வரவில்லை.

"மன்னிச்சுக்கோணுமுங்க அம்மா. மோரு வேண்டாமுங்க" என்றாள். கைதட்டல் நின்றுவிட்டது. "நான் சின்னதுல இருந்து அந்தக் கிளுவை வேலிக்கு வெளியில சொம்பு புடிச்சுட்டு நின்னவளுங்க. உங்க மாமியார் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, சொம்புல கை பட்டுருமுன்னு ஒசரத்துல இருந்து ஊத்துவாங்க. பாதி என் கையில வழியும். மோரு நின்னப்ப வயித்துக்குக் கஷ்டந்தானுங்க. ஆனா எம்புள்ள அங்க போயி நிக்க வேண்டியதில்லைன்னு நிம்மதியா இருந்துச்சுங்க."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "குடுக்கறதுன்னா ஒரு கெடாரிக் கன்னை வாரத்துக்குக் குடுங்கம்மா. நான் வளத்தி, நானே கறந்து, எம்புள்ளைக்கு ஊத்திக்கறேன்."

வாரத்துக்கு விடுவது அங்கே பழைய ஏற்பாடு. மாடோ ஆடோ ஒருவருக்குச் சொந்தம், வளர்ப்பது இன்னொருவர். ஈனுகிற குட்டிகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். காலனியில் பல வீடுகளில் சாளைக்காரர்களின் ஆடுகள் அப்படித்தான் வளர்ந்தன. கறவை மாட்டை மட்டும் யாரும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அந்த மாட்டின் பாலும் சங்கத்துக்கு வரும், எல்லார் பாலோடும் ஒரே கேனில் சேரும். அதனால்தான் முன்வரிசையில் இருந்த ஆண்களின் முகம் இறுகிப்போனது. அவள் கேட்டது ஒரு கிடாரியை மட்டுமல்ல என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"என்ன சொல்கிறார்?" என்று டெல்லி அம்மையார் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

செல்வராஜ் என் காதருகில், "நன்றி சொல்றாங்கன்னு சொல்லிப்போடுங்க மேடம். கையெடுத்துக் கும்பிடறேன்" என்றார்.

பிள்ளைகளே, நமது வேலையில் யோசிக்க நேரம் கிடைக்காத இடங்கள் வரும். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் திட்டம் பிழைக்கும், நாளைக் காலையில் ஜெனிக்கு மோர் கிடைக்கும். மானம் பெரிதுதான், ஆனால் குழந்தை எலும்பும் தோலுமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொன்னால், நல்ல மனதோடு கொடுக்க வந்த ஒரு பெண்மணி விருந்தாளிகள் முன்னால் தலைகுனிய வேண்டும். மாலையில் நான் ஜீப்பில் ஏறிப் போய்விடுவேன். ஞானமணி அங்கேயே இருக்க வேண்டும். என் துணிச்சலுக்கு அவள் வேலை போகலாம்.

ஆனால் இன்னொன்றும் அப்போது தோன்றியது. அவளுக்குக் கெடுதல் செய்யக்கூடிய எல்லோருக்கும் தமிழ் தெரியும். அவள் சொன்னதை அவர்கள் கேட்டாகிவிட்டது. நான் மாற்றிச் சொன்னால் காப்பாற்றப்படப்போவது நானும் செல்வராஜும்தான், அவள் அல்ல. அவள் பேசியதற்கு ஒரு பலனாவது கிடைக்க வேண்டுமென்றால் அது முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

வேலி, சொம்பு, கையில் வழிந்த மோர், கிடாரி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ருக்குமணி அம்மாள் கொடுக்க வந்ததும் மெய்யான அன்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இளைஞர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். ருக்குமணி அம்மாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டில் கை நனைக்காமல் சாளைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த நாட்கள் என் பணிக்காலத்திலேயே மோசமானவை. செல்வராஜ் என்னோடு பேசவில்லை. மேலே இருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டு, மொழிபெயர்க்கச் சொன்னால் மொழிபெயர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டார்கள். அது என்ன கேள்வி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். வெங்காயம் பிடுங்க எல்லோரையும் கூப்பிட்டவர்கள் ஞானமணியை மட்டும் கூப்பிடவில்லை என்று தெரிந்தபோதுதான் உடைந்துபோனேன். அவள் வீட்டு வாசலில் போய் நின்று, என்னால்தான் இப்படி ஆயிற்று என்றேன். "நீங்க வெசனப்படாதீங்க மேடம். நாந்தானே பேசுனேன், உங்களையா பேசச் சொன்னேன்?" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்த அதே காலையில்தான் ருக்குமணி அம்மாள் காலனித் தெருவில் வந்தார். கையில் ஒரு மாட்டின் கயிறு. அவர் அந்தத் தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆளாளுக்கு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"ஞானமணி, மாட்டைப் புடி" என்றார்.

"நான் கெடாரிக் கன்னுதானுங்கம்மா கேட்டேன்."

"கெடாரி வளந்து, சினையாகி, ஈனறதுக்குள்ள உம்புள்ள பள்ளிக்கோடம் போயிருவா. இது சினைமாடு. புல்லுக்கு நம்ம வரப்புல அறுத்துக்க."

ஞானமணி கயிற்றைப் பிடிக்கவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். ருக்குமணி அம்மாள் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. "எங்க மாமியார் ஊத்துனப்ப நானும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கேக்கலை. அத்தனை பேர் முன்னால நீ சொல்லிப்போட்டது எனக்குக் கோபந்தான். இன்னும் முழுசாப் போகலை. ஆனா நீ சொன்னது பொய்யில்லை. நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார்.

ஞானமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்கம்மா" என்றாள். ருக்குமணி அம்மாள் ஒரு நொடி நின்றார். "இன்னொரு நாளைக்கு வாரேன், அம்மிணி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. அந்த நிறைமாத மாட்டைக் கட்டுவதற்கு இடம் தேடி நாங்கள் எல்லோரும் ஓடியதில் எனக்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

திட்டம் தொடர்ந்தது. டெல்லிக்காரர்கள் இந்த ஏற்பாட்டுக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் வைத்து, மற்ற ஊர்களிலும் செய்யச் சொன்னார்கள். உங்களுக்கு வகுப்பில் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஞானமணிக்கும் ருக்குமணி அம்மாளுக்கும் அது தெரியாது. செல்வராஜும் நானும் மறுபடி பல்லடத்தில் இறங்கி டீ குடித்தோம். அதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஊருக்குள் போவதற்கு முன்னால், இவர் செய்வதால் என் பக்கம் என்ன ஆகும், நான் செய்வதால் இவர் பக்கம் என்ன ஆகும் என்று ஜீப்பிலேயே பேசி முடித்துவிடுவோம். பாட்டு குறைந்துபோனதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாடு ஈன்று, ஞானமணி முதன்முதலாகச் சங்கத்துக்குப் பால் கொண்டுவந்த காலையில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். வரிசை பாதிக்கு மேல் நகர்ந்திருந்தது. அவளுடைய தூக்குப் போசியைக் கையில் வாங்கிய சங்கத்து ஆள், கேனுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். ஊற்றவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. வரிசையில் இருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞானமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வராஜ் ஓர் எட்டு முன்னால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அங்கே நாங்கள் பேசி ஊற்ற வைத்தால், நாங்கள் போன பிறகு அந்த வழக்கம் நிலைக்காது.

ஞானமணிக்கு அடுத்து நின்றவர் ருக்குமணி அம்மாள். "ஏப்பா, ஊத்து. வண்டி கெளம்பீரும். எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

பால் கேனில் விழுந்தது. வரிசை நகர்ந்தது. ருக்குமணி அம்மாள் தன் பாலையும் அதே கேனில் ஊற்றச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

எங்கள் பால்காரருக்கு உணர்ச்சி பொங்கினாலும் புத்தி லிட்டரிலேயே நிற்கும். ஞானமணியிடம் போய், "அந்த மாடு இதைவிட எச்சாக் கறக்குமே. மீதிப் பால் எங்க?" என்றார்.

"ஊட்டுல இருக்குதுங்க. ஜெனிக்கும் பக்கத்து ஊட்டுப் புள்ளைங்களுக்கும் எடுத்து வெச்சதுபோக மிச்சந்தானுங்க இது."

"எடுத்து வெச்சது கொஞ்சம் அதிகமில்லையா? அதையும் வித்தா மாசம் ஒரு நல்ல தொகை நிக்குமே."

ஞானமணி காலிப் போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வித்துப்போட்டு எம்புள்ளைக்கு வரக்காப்பி ஊத்தறதுக்குங்களா சார், நான் அத்தனை பேர் முன்னால வாயத் தொறந்தேன்?"